ஏழாம் நம்பர் வாளி

பலகை எழுதியது கொசப்பேட்டை பெயின்டர்.
நீலத்தில் மஞ்சள் எழுத்து, அடியில் ஒரு புறா.
கழுத்து நீண்டுவிட்டதால்
கொக்கு என்று சிரித்தார் என் வீட்டுக்காரர்.
அந்நியனாய் வந்து நின்ற ஆண்டவருக்கு
இடம் கொடுத்தவர்களைப் பற்றிய வசனம்.
லாட்ஜ் நடத்துகிறவர்களுக்கு
இதைவிடப் பொருத்தமாய் என்ன கிடைக்கும்?
மேசைக்கு மேலே மாட்டினோம்.
அதற்கு நேர் கீழே
பதினான்கு வருடமாய்க் கல்லாப்பெட்டி.

தோட்டப்பாளையம் சந்தில் எங்களுக்குப் பதினோரு அறை.
மால்டா, சில்சார், அகர்தலா, தன்பாத்.
பெரிய ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள்
ஃபைலை நெஞ்சோடு அணைத்தபடி வாடகை கேட்பார்கள்.
நான் முகத்தைப் பார்க்க மாட்டேன்.
செருப்பைப் பார்ப்பேன்.
எவ்வளவு சொல்லலாம் என்று செருப்பு சொல்லிவிடும்.

ஏழாம் நம்பர் வாளிக்குக் கைப்பிடி
போன கிறிஸ்துமஸுக்கு முன்பே உடைந்தது.
காலி செய்கிற ஒவ்வொருவரிடமும்
அதற்கு நூற்றைம்பது பிடித்தேன்.
கணக்குப் பார்த்தால்
அந்த ஒரே வாளி பதினேழு முறை உடைந்திருக்கிறது.
ஒருவர்கூடச் சண்டை போட்டதில்லை.
தையல் பிரிக்காத உடம்போடு ரயில் ஏறுகிறவர்களுக்கு
வாளி ஒரு பொருட்டா?
மாதக் கடைசியில் தசமபாகம் எடுத்து வைப்பேன்,
பைசா குறையாமல்.
வாளிக் காசுக்கும் சேர்த்துத்தான்.

ஹாரு மண்டல் சித்திரையில் வந்தார்.
ராத்திரி பத்து மணிக்கும் சுவர் சுடுகிற மாதம்.
மனைவிக்குக் கழுத்தில் கட்டி.
முப்பத்தாறு நாள் இருந்தார்கள்.
கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம்
பலகையைக் காட்டி,
"தீதி, அங்கே என்ன எழுதியிருக்கிறது?" என்று
இந்தியில் கேட்டார்.

எனக்குச் சொல்லத் தெரியும்.
பர்தேசி, கர், அந்தர்.
மூன்று வார்த்தை போதும்.
மூன்றும் வாய்க்குள் இருந்தன.
மேசையில் அவருடைய பில்லும் இருந்தது.
வாளி எழுதியாயிற்று.

"பகல் பன்னிரண்டுக்குள் ரூம் காலி பண்ண வேண்டும்.
அதுதான் எழுதியிருக்கிறது."

பணிவாய்த் தலையாட்டிப் போனார்.

மறுநாள் பதினொன்றரைக்கெல்லாம்
பைகள் வாசலில் இருந்தன.
கழுத்துக் கட்டோடு அந்த அம்மா
மூட்டை மேல், வெயிலில்.
காட்பாடியில் ரயில் ராத்திரிதான்.
"உள்ளே வந்து உட்காருங்கள்" என்றேன்.
ஹாரு மண்டல் பலகையைக் காட்டினார்,
சட்டம் சட்டம்தானே என்பதுபோல.

உள்ளே அழைக்கிற வசனத்தை வைத்தே
ஒரு நோயாளியை நான் வெளியே நிறுத்தியிருந்தேன்.

சாவிக்கொத்தை எடுத்தேன்.
நானே ஒரு பையைத் தூக்கினேன், கனமாய் இருந்தது.
ஏழாம் நம்பரைத் திறந்து ஃபேனைப் போட்டேன்.
நூற்றைம்பதை நீட்டி, வாளியைக் காட்டி,
என்னைக் காட்டி, "ஜூட்" என்றேன்.
பொய் என்பதற்கு அந்த வார்த்தை எனக்குத் தெரியும்,
ஆட்டோக்காரர்களைப் பற்றிச் சொல்லிப் பழக்கம்.

அவருக்கு எது புரிந்ததோ.
கொஞ்ச நேரம் நின்றார்.
பிறகு கட்டிலுக்கு அடியில் கைவிட்டு
இரண்டாய் உடைந்த பீங்கான் தட்டை எடுத்து
நூற்றைம்பதில் ஐம்பதைத் திருப்பித் தந்தார்.
மூன்று வாரமாய் ஒளித்து வைத்திருந்ததாம்.
கட்டுப் போட்ட கழுத்தைப் பிடித்துக்கொண்டு
அந்த அம்மா சிரித்தாள்.

மீதி பதினேழு பேரின் விலாசம்
ரிஜிஸ்தரில் இருக்கிறது, பாதி புரியாத கையெழுத்தில்.
மரத்திலிருந்து இறங்கி
நாலத்தனையாய்த் திருப்பிக் கொடுத்த அந்த வரி வசூல்காரனுக்கு
ஒரு பகல் போதுமாய் இருந்தது.
நான் இதுவரை நான்கு மணியார்டர் அனுப்பியிருக்கிறேன்.
ஒன்று திரும்பி வந்துவிட்டது.

லாங் பஜாரில் புது வாளி, இருநூற்றிருபது.
ஜெராக்ஸ் கடை வங்காளிப் பையன்
புறாவுக்குக் கீழே
அதே வசனத்தை அவர்கள் எழுத்தில் எழுதிக் கொடுத்தான்.
எனக்கு அதை வாசிக்கத் தெரியாது.
வருகிறவர்கள் வாசிக்கிறார்கள்.
வாசித்து முடித்ததும்
பலகையை விட்டு என் முகத்தைப் பார்க்கிறார்கள்.

சில நாள் நானும் பார்க்கிறேன்.
சில நாள் என் கண்
இன்னமும் செருப்புக்குத்தான் போகிறது.